பார்சலில் பாப்பாவுக்குப் பங்கு உண்டா?

சாயங்காலம் ஏழு மணிக்குக் கடைத்தெருவில் நின்றால், கண்ணை மூடிக்கொண்டே பரோட்டாக் கடைக்கு வழி சொல்லிவிடலாம். மாவைக் கல்லில் அறைகிற சத்தம் ஒரு பக்கம், கொத்து பரோட்டாவின் தாளம் இன்னொரு பக்கம். சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் சாலையில் குமராட்சியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் கையில் பை இருக்கும். பைக்குள் வாழையிலை வைத்து, தாளில் மடித்து, நூலால் கட்டிய பொட்டலம். அதன் மேல், காற்றோடு முடிச்சுப் போட்டு பலூன் மாதிரி உப்பிய சால்னாக் கவர்.

வீட்டில் அந்த முடிச்சைப் பல்லால் அவிழ்ப்பதற்குள் தவழ்ந்தோ தள்ளாடியோ ஒரு பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடும். வாயைத் திறக்கும். “ரெண்டு வாய்தானே, குடுத்தா என்ன?” என்பார் தாத்தா. “பாத்துக்கிட்டே இருக்குது பாரு, குடுக்கலன்னா ஏங்கிப்போயிடும்” என்பார் ஆயா. அம்மா கறித்துண்டை டம்ளர் தண்ணீரில் அலசிக் காரத்தைப் போக்கி, பிய்த்து ஊட்டுவார்.

இந்தக் காட்சி குமராட்சிக்கு மட்டும் சொந்தமில்லை. தமிழர் வீடு எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் உண்டு. “எத்தனை வயசுல குடுக்கலாம்?” என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. அது பாதிக் கேள்விதான். எந்தப் பொட்டலம், அடுப்பை விட்டு இறங்கி எத்தனை மணி நேரம் ஆச்சு என்பது மீதிப் பாதி. இந்த இரண்டாவது பாதியைக் கேட்காமல் விட்டதற்குக் கொடுத்த விலை சமீப வருஷங்களில் ரொம்பவே அதிகம்.

2022 மே மாதம் கேரளாவின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்துபோனார். ஷிகெல்லா என்ற கிருமி அங்கே உறுதியானது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில், ஓர் உணவகத்தின் ஷவர்மா உள்ளிட்ட கோழி வகைகளைச் சாப்பிட்ட நாற்பதுக்கும் மேற்பட்டோர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். 14 வயதுச் சிறுமி ஒருவர் உயிரிழந்தார். மாவட்டத்தில் ஷவர்மா, கிரில் சிக்கன் விற்பனைக்குத் தற்காலிகத் தடை வந்தது. 2025 ஏப்ரல் 8 முதல், பச்சை முட்டையில் அடித்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு ஓராண்டுத் தடை போட்டது. கேரளாவும் தெலங்கானாவும் அதற்கு முன்பே தடை போட்டிருந்தன.

இறந்த இருவரும் வளர்ந்த பிள்ளைகள். 14, 16 வயது உடம்பே தாங்காததை ஒன்றரை வயது உடம்பு எப்படித் தாங்கும்? கைக்குழந்தையின் இரைப்பையில் கிருமியைக் கொல்லும் அமிலம் குறைவு. எதிர்ப்புச் சக்தி இன்னும் பாடம் படித்துக்கொண்டிருக்கும் பருவம். எட்டு கிலோ உடம்பில் நாலு தடவை வயிற்றால் போனால் வற்றுகிற தண்ணீர் பெரியவர்களுக்கு வற்றுவதைப் போல அல்ல. உலக மக்கள்தொகையில் ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சுமார் 9 சதவீதம்தான். ஆனால், கெட்ட உணவால் வரும் நோய்ச்சுமையில் 40 சதவீதம் அவர்கள் தலையில் விழுகிறது, ஆண்டுக்கு 1,25,000 குழந்தைகள் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இதைப் படித்துவிட்டு, கடைச் சாப்பாடு என்றாலே விஷம் என்று முடிவு கட்டுவது அவசரம். ஆவியில் வெந்து, தட்டிலிருந்து நேரே இலைக்கு வந்த இட்லியும் கடைச் சாப்பாடுதான். அதைப் போலச் சாதுவான பார்சல் கிடைப்பது அபூர்வம்.

கட்டுசோற்றுக் கணக்கு

பார்சல் என்ற சொல் வருவதற்கு முன்பே தமிழர்களிடம் பார்சல் இருந்தது. கட்டுசோறு. அதற்கென்று பாட்டிமார்களுக்கு ஒரு கணக்கும் இருந்தது. ரயில் பயணத்துக்குப் புளிசாதம், எலுமிச்சை சாதம். இட்லி என்றால் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவி. தேங்காய்ச் சட்னி கூடவே கூடாது. தயிர்சாதம் என்றால் பாலை ஊற்றிப் பிசைந்து, ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்து. சாப்பிடுகிற நேரத்துக்கு அது தயிராகியிருக்கும்.

புளிப்பும் வறட்சியும் இருந்தால் கிருமி பெருகுவது கஷ்டம். ஈரமும் இளஞ்சூடும் புரதமும் சேர்ந்தால் கொண்டாட்டம். பாட்டிக்குப் பாக்டீரியாவின் பெயர் தெரியாது. தேங்காய்ச் சட்னிதான் முதலில் ஊசிப்போகும் என்பது தெரியும். அந்தக் கணக்கை இன்றைய பொட்டலத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். பரோட்டாவால் பெரும்பாலும் தொல்லை இல்லை. தொல்லை கவரில் இருக்கிறது: மதியம் கொதித்து, சாயங்காலம் வரை அண்டாவில் வெதுவெதுப்பாகக் கிடந்த சால்னா, நாலு மணிக்கு அரைத்த சட்னி, குட்டி டப்பாவில் அடைத்த மயோனைஸ்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் உள்ள சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். வசதியான சூழல் கிடைத்தால் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கும். ஒன்று, ஒரு மணி நேரத்தில் எட்டு. இரண்டு மணி நேரத்தில் அறுபத்து நான்கு. நாலு மணி நேரத்தில் நாலாயிரத்துச் சொச்சம். கடலூர் மாவட்டத்துச் சித்திரை மாதத்தில் வீட்டுக்குள் காற்றே 35 டிகிரியைத் தாண்டி நிற்கும்போது, கிருமிக்குத் தனியாக அடுப்பு மூட்ட வேண்டியதில்லை.

“ராத்திரி புள்ள தூங்கிடுச்சி, காலையில சூடு பண்ணிக் குடுத்துக்கலாம்” என்று மூடி வைக்கிற பங்குதான் எல்லாவற்றிலும் மோசமானது. சூடு கிருமியைக் கொல்லும். சில கிருமிகள் கக்கிவிட்டுப் போன நஞ்சைக் கொல்லாது. ஃப்ரைட் ரைஸ் இதற்கு நல்ல உதாரணம். அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் உலைக்கொதியிலும் பிழைத்துக்கொள்ளும். வடித்த சோற்றைத் திறந்தபடி பல மணி நேரம் போட்டுவைத்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தியை வரவழைக்கும் நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு வாணலிச் சூட்டுக்கும் அசையாது. பல கடைகளில் ஃப்ரைட் ரைஸுக்கு வேண்டியதே ஆறி, உதிரியாகக் கிடக்கும் சோறு. காலையில் வடித்ததா, சாயங்காலம் வடித்ததா என்பது வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாது.

சம்பா விளைகிற கடைமடைப் பகுதியில் சோற்றைப் பற்றி எச்சரிப்பது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். பழையதைச் சாப்பிட்டு வளர்ந்த ஊர் இது என்று சிரிப்பார்கள். பழையது வேறு. அது தண்ணீரில் ஊறிப் புளித்தது. அந்தப் புளிப்பே ஒரு காவல். தட்டில் காய்ந்து கிடக்கும் சோற்றுக்கு அந்தக் காவல் இல்லை.

இரைப்பை எவ்வளவு பெரியது?

கிருமி எதுவும் இல்லை, கண்ணெதிரே சுடச்சுடப் போட்டு வாங்கியது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒன்பது மாதக் குழந்தைக்குச் சால்னாவில் தோய்த்த பரோட்டா கூடாது. காரம்தான் காரணம் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். காரம் நாக்கை எரிக்கும், அழவைக்கும், பிறகு போய்விடும். நின்று விளையாடுவது உப்பு.

வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை குழந்தைகளுக்குத் தனிக் கணக்கு வைத்திருக்கிறது: ஒரு வயதுக்குள் 1 கிராமுக்கும் குறைவு, ஒன்றிலிருந்து மூன்று வயது வரை 2 கிராம், நாலிலிருந்து ஆறு வரை 3 கிராம். கைக்குழந்தைக்கு அந்த 1 கிராமும் பாலிலும் சாப்பாட்டிலும் இயற்கையாக இருப்பதையெல்லாம் சேர்த்து. பெரியவர் நாக்குக்குச் சரியாக இருக்கிற சால்னாவும் ஊறுகாயும் குழந்தையின் சிறுநீரகத்துக்கு அதிகம். அதோடு, சின்ன வயதில் பழகின உப்பு ருசி லேசில் போகாது. வீட்டுப் பருப்புசாதம் சப்பென்று தோன்ற ஆரம்பிப்பது அங்கேதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. குழந்தையின் இரைப்பை, உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லி கொள்ளும். எட்டு கிலோ பிள்ளைக்கு 240 மில்லி, ஒரு டம்ளர். அந்த டம்ளருக்குள்தான் பருப்பு, கீரை, முட்டை, நெய் எல்லாம் போக வேண்டும். அதில் மைதாவும் எண்ணெயும் முதலில் இடம் பிடித்துவிட்டால் மற்றதற்கு எங்கே இடம்? தமிழ்நாட்டில் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்றது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. இரும்புச்சத்துக்கு இவ்வளவு தட்டுப்பாடு இருக்கும்போது, கடையிலிருந்து கவரில் வரும் பார்சல் டீயில் பொறையைத் தோய்த்துப் பிள்ளைக்குக் கொடுக்கிற பழக்கம் இன்னும் ஓயவில்லை. டீயிலுள்ள துவர்ப்புப் பொருள், சாப்பாட்டில் இருக்கும் கொஞ்சநஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாது. சால்னாவைத் திட்டுகிற பெரியவர்கள் டீயைத் திட்டுவதில்லை என்பது வேடிக்கை.

பிறகு பல். பரோட்டாவையும் கறியையும் அரைப்பதற்குக் கடைவாய்ப் பல் வேண்டும். முதல் பால் கடைவாய்ப் பல் ஒன்றேகால் வயதையொட்டி முளைக்கும். இரண்டாவது, இரண்டு வயதிலிருந்து இரண்டே முக்கால் வரை. அதுவரை பிள்ளை மெல்லுவதில்லை, சப்பி விழுங்குகிறது. சிக்கன் 65-இன் மொறுமொறு ஓடு, நார் நாராக வரும் கறி, எலும்புச் சில்லு எல்லாம் தொண்டையில் நிற்கிற பண்டங்கள். பண்ருட்டி முந்திரி வீட்டுக்கு வீடு இருக்கிற மாவட்டம் இது. பிரியாணியில் கிடக்கும் முழு முந்திரியையும் கடையில் கொடுக்கும் முழு வேர்க்கடலையையும் ஐந்து வயது வரை முழுசாகக் கொடுக்கக் கூடாது. பொடித்துக் கொடுத்தால் நல்ல உணவு.

கறியைத் தண்ணீரில் அலசும் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரம் கொஞ்சம் போகும். உள்ளே இறங்கிய உப்பு போகாது, நஞ்சும் போகாது. காய்ச்சாத தண்ணீரில் அலசினால், அதுவரை இல்லாத கிருமி ஒன்று புதிதாகச் சேரும்.

அப்படியானால் எப்போது?

ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை. ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரை பார்சலில் பங்கு இல்லை என்று வைத்துக்கொள்வது நல்லது. ஊர் விட்டு ஊர் போகிற நாளில் வேறு வழி இல்லையென்றால், சூடான இட்லியின் நடுப்பகுதியைக் காய்ச்சிய தண்ணீரில் மசித்துக் கொடுக்கலாம். இடியாப்பமும் அப்படியே. சாம்பார் வேண்டாம், சட்னி வேண்டாம். தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது. ஒரு வயதுக்குள் அது பாட்டுலிசம் என்ற கொடிய நோயைக் கொண்டுவரலாம். பஸ் ஸ்டாண்டில் கிடைக்கிற பண்டங்களிலேயே நம்பிக்கையானது தோலோடு இருக்கிற வாழைப்பழம்.

ஒரு வயது ஆனதும் குடும்பம் சாப்பிடுவதையே குழந்தையும் சாப்பிடலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ‘குடும்பச் சாப்பாடு’ என்றால் வீட்டுச் சாப்பாடு. பரோட்டா பார்சல் அல்ல. இரண்டு வயதுக்குள் உப்பும் சர்க்கரையும் கெட்ட கொழுப்பும் மிகுந்த பண்டங்களும் இனிப்புப் பானங்களும் வேண்டாம் என்று 2023-இல் அந்த நிறுவனமே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே ஒன்றிலிருந்து இரண்டு வரை இட்லி, இடியாப்பம், வெண்பொங்கல், எண்ணெய் குறைத்துச் சொன்ன தோசையின் மெத்தென்ற நடுப்பாகம். இவை பார்சலில் வந்தால் பங்கு உண்டு, வாங்கி வந்த சூட்டோடு.

இரண்டு முடிந்து, கடைவாய்ப் பல்லும் வந்துவிட்டால் கதவு கொஞ்சம் அகலும். நன்றாக வெந்த முட்டை, கறி அதிகம் படாத பிரியாணிச் சோறு, சப்பாத்தி. நடராஜர் கோயில் பிரசாதமாகப் பேர்பெற்ற சம்பா சாதம் மிளகு, சீரகம், நெய் மணத்தோடு இந்த வயதுக்குத் தோதானது. கூட வரும் கத்தரிக்காய் கொத்சுவைத்தான் பெரியவர்கள் வைத்துக்கொள்ள வேண்டும். எலும்பு நீக்கி, உதிர்த்து, உள்ளே ரத்தச் சிவப்பு இல்லாமல் வெந்திருக்கிறதா என்று பிய்த்துப் பார்த்த கோழி, மூன்று வயதுக்கு மேல் எப்போதாவது. ஷவர்மா, கிரில், மயோனைஸ், ஆறிய சோற்று ஃப்ரைட் ரைஸ் ஆகியவற்றுக்கு ஐந்து வயது வரை வீட்டில் அனுமதி இல்லை என்று வைத்துக்கொண்டால் இழப்பு ஒன்றுமில்லை. அதற்குப் பிறகும் இந்த மாதிரிப் பண்டங்கள் வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2019-இல் சொல்லியிருக்கிறது.

எண்ணெய், நிறம், தாள் பற்றிச் சட்டமே நிறையப் பேசுகிறது. பொரித்த எண்ணெயில் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலையிலிருந்து இருக்கிறது. ரோடமின்-பி சாயத்துக்காகத் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்கே 2024 பிப்ரவரியில் தடை வந்தது. செய்தித்தாளில் பலகாரம் மடித்துக் கொடுக்காதீர்கள், மையில் ஈயம் இருக்கிறது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பல தடவை சொல்லிவிட்டது. சாம்பார் கட்டும் மெல்லிய கவரும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பட்டியலில் அடங்கியதுதான். தூக்குவாளி கொண்டுபோனால் இதில் பாதிக் கவலை தீரும்.

விதிவிலக்கான நாட்களும் வரும். கொள்ளிடத்தில் வெள்ளம் புரண்டு, சிதம்பரத்தை ஒட்டிய கரையோரக் கிராமங்களை 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் சூழ்ந்தது. முகாமில் இருக்கும் தாய்க்கு உணவுப் பொட்டலம்தான் சாப்பாடு. வயது பார்த்துத் தேர்ந்தெடுக்க அங்கே வழியில்லை. கட்டுசோற்றுக் கணக்கு அங்கேயும் கைகொடுக்கும். சாம்பார் சாதத்தை விடப் புளிசாதமும் எலுமிச்சை சாதமும் தாங்கும். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குத் தாய்ப்பாலை அந்த நாட்களில் கூட்டிக் கொடுப்பதே பெரிய பாதுகாப்பு.

ஆயாவின் பேச்சைச் சும்மா தள்ளிவிட முடியாது. பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கொடுக்காமல் சாப்பிடுவது நம் வீடுகளில் பாவம் மாதிரி. அந்த மனசு நல்ல மனசு. அதோடு, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துத்தான் பிள்ளை சாப்பிடவே கற்றுக்கொள்கிறது. அதைத் தனி அறையில் தூங்கவைத்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பது தீர்வு ஆகாது. நாலு பரோட்டா சொல்லும்போதே “ரெண்டு இட்லி, தனி இலையில” என்று சேர்த்துச் சொன்னால் போதும். பொட்டலம் பிரியும்போது பாப்பாவுக்கும் ஒரு பொட்டலம் பிரியும். அதுவும் பிய்க்கும், மேலெல்லாம் பூசிக்கொள்ளும். ஏக்கம் தீர்ந்தது. கடைக்காரர் தோசைக்கல்லை மட்டும் நம்பி இட்லியை நிறுத்திவிட்ட கடை என்றால், வீட்டில் ஒரு ஈடு இட்லி ஊற்றி வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பலாம்.

எல்லாம் பார்த்துச் செய்தும் வயிற்றால் போனால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் காய்ச்சி ஆறின ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைத்து, வாய் வாயாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. டாக்டர் எழுதிக்கொடுக்கிற துத்தநாக மாத்திரையைப் போக்கு நின்றபிறகும் 14 நாள் முடியக் கொடுக்க வேண்டும். மலத்தில் ரத்தம், கண் குழிவிழுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, குடித்ததெல்லாம் வாந்தி, அசந்து கிடத்தல் இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு வாங்கியது என்று டாக்டர் கேட்பார்.

அந்த ‘எத்தனை மணிக்கு’ என்பதைக் கேரளா பொட்டலத்தின் மேலேயே எழுதச் சொல்லிவிட்டது. 2023 ஜனவரியில் வந்த உத்தரவின்படி, அங்கே பார்சலில் தயாரித்த தேதி, நேரம், எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்ற சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். சீட்டு இல்லாத பார்சலுக்குத் தடை. தமிழ்நாட்டிலும் உணவுப் பாதுகாப்புத் துறை இதைக் கட்டாயமாக்க வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு, மயோனைஸ் தடையை விட அந்தச் சீட்டு அதிகம் உதவும். சட்டம் வரும் வரை, குமராட்சியிலோ சிதம்பரத்திலோ பார்சல் வாங்குகிறவர்கள் கல்லாவில் ஒரு கேள்வி கேட்கலாம்: “சால்னா எப்ப வச்சதுண்ணே?” பதில் சொல்கிற கடையில் வாங்கலாம்.